சேப்பாக்கம் அரண்மனைக் கோபுரம் நவாப் கட்டியதா?

கேள்வி: சென்னை எழிலகம் அரசு அலுவலகம் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பேன். அதுவும் நவாப் காலத்ததுதானா?

பதில் 1: இல்லைங்க. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்தது அரண்மனையின் இரு பகுதிகளான கலச மஹாலும் ஹுமாயூன் மஹாலும்தான். கோபுரம் ஏறக்குறைய நூறு வருஷம் பிந்தியது. அரண்மனை ஆங்கிலேய அரசு கைக்கு வந்தபின், இரண்டு மஹாலுக்கும் நடுவே ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் எழுப்பியது. ஒட்டு தெரியாமல் சேர்த்திருக்கிறார், கெட்டிக்காரர்!

பதில் 2: 2012 தீ விபத்தில் கலச மஹாலின் கூரையே போய்விட்டது. அப்புறம் சிமென்ட் பூசாமல் பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்திலேயே சீரமைத்தார்கள். பக்கத்தில் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சொரசொரப்பே இருக்காது.

கேட்டவர்: அட! இத்தனை நாள் கோபுரத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.