புதுப்பிப்பு: மூணாறிலிருந்து மணாலி பனிமலைப் பயணம்

மார்ச்சில் மணாலிப் பக்கம் போகிறோம், பனிச்சரிவு ஆபத்து எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். சரி, கணவாய்ப் பாதையைக் கைவிட்டுவிட்டோம்.

வழிகாட்டி அண்ணன் வீடியோவில் பனியைக் குழி வெட்டிக் காட்டினார். மேலே பலகை மாதிரி கெட்டியான பனி. அடியில் சர்க்கரை மாதிரி பொலபொலவென உதிரும் படிகம். அது நழுவினால் மேலே இருக்கும் பலகை மொத்தமாகச் சரியும், அந்த அடுக்குதான் எமன். 30 முதல் 45 டிகிரிச் சாய்வில், கனத்த பனி விழுந்த மறுநாள் கால் வைக்கவே கூடாது. 2020 நிலச்சரிவில் பக்கத்துப் பெட்டிமுடி மண்ணுக்குள் போனதைப் பார்த்த ஊர் எங்களுடையது. சரிவுக்கு அடியில் கூடாரம் போட மனசு வராது.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதனால் மண்வெட்டி, துழாவும் கம்பி, டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி) மூன்றும் ஆளுக்கொன்று வாடகைக்குச் சொல்லியாச்சு. அப்புறம், டிஜிஆர்இ (பனிச்சரிவைக் கணிக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம்) எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறோம்.