வெளிநாட்டில் நிவாரண ஒருங்கிணைப்புத் தொண்டர் வேலை: மலையகத்து முகாம் அனுபவம் செல்லுமா?

பூனாகலை_மழை
வயது 28, பண்டாரவளைப் பக்கம். மண்சரிவு முகாம்களில் குடும்ப விபரம் எடுப்பது, உலர் உணவுப் பொதி பகிர்வது, பிரதேச செயலகத்துக்கு அறிக்கை அனுப்புவது என்று மூன்று வருஷத்துக்கு மேல் சம்பளத்தோடு வேலை. தமிழும் சிங்களமும் நல்லா வரும், ஆங்கிலம் எழுத ஓரளவு. ஆப்பிரிக்க நாடொன்றில் ஐ.நா. தொண்டராக "ஒருங்கிணைப்பு" வேலைக்குப் போடலாமென்று பார்க்கிறேன். அது உண்மையில் என்ன வேலை? தோட்டத்து அனுபவத்தை எடுப்பாங்களா? "பதிவுக் கட்டணம்" 75,000 ரூபா கட்டினால் இடம் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜன்சிக்காரர் சொல்றார். நம்பலாமா?

கணக்கப்பிள்ளை
முதலில் கடைசிக் கேள்வி. கட்ட வேண்டாம், தங்கச்சி/தம்பி. ஐ.நா. தொண்டர் திட்டம் விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி எதற்கும் காசு வாங்குவதில்லை. அவர்களுடைய சொந்தத் தளத்தில் நீங்களே கணக்குத் திறந்து விபரம் போட வேண்டும். இடையில் ஆளே கிடையாது.

28 வயது என்றால் நீங்கள் சர்வதேச நிபுணர் பிரிவில் வருவீர்கள். அதற்கு 27 வயதும், துறை சார்ந்த மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். 18 முதல் 26 வரை இளைஞர் பிரிவு. சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், வாழ்க்கைச் செலவுப் படி. மருத்துவக் காப்புறுதி, போய்வரும் பயணச் செலவு அவர்களுடையது. ஆபத்தான இடங்கள் பலவற்றுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

அனுபவத்தை எழுதும் விதத்தில்தான் நம்ம ஆட்கள் கோட்டை விடுறாங்க. "நிவாரணப் பணிகளில் ஈடுபட்டேன்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எத்தனை முகாம், எத்தனை குடும்பம், எந்தப் படிவம், எத்தனை நாளுக்கு ஒரு அறிக்கை, அது யார் கைக்குப் போனது என்று எழுதுங்கள். நேர்முகத்தில் "நாங்க செஞ்சோம்" என்று அடக்கமாகச் சொல்வதும் நம்ம பழக்கம். அங்கே அது குறைதான். கேள்வி "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்பது, பதிலும் "நான்" என்று வர வேண்டும்.

மூனாவது_கொலம்
வேலை என்னவென்று யாரும் இன்னும் சொல்லவில்லை. பொதி கொடுப்பது இல்லை. பொதி கொடுக்கிறவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாமல் பார்ப்பது.

2005க்குப் பிறகு பெரிய நெருக்கடிகளில் உதவியைத் துறைவாரியாகப் பிரிக்கிறார்கள். தண்ணீர், சுகாதார வசதிக்கு யுனிசெஃப், மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனம், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை. இவற்றுக்கு மேல் ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம். தொண்டராகப் போகிறவர் பெரும்பாலும் இதில் ஏதாவதொரு துறையின் கூட்டத்தைக் கூட்டி, குறிப்பெடுத்து, "யார், என்ன, எங்கே" அட்டவணையைப் பிடிக்கிற ஆள்.

அந்த அட்டவணையில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள்: நிறுவனம், களத்தில் செய்கிற பங்காளி, துறை, வேலை, இடக் குறியீடு, எண்ணிக்கை, நிலை, திகதி. பிழை வருகிற இடங்கள் நாலைந்துதான். காசு கொடுத்த நிறுவனமும் களத்தில் பகிர்ந்த நிறுவனமும் அதே 400 பாயைத் தனித்தனியாக எழுதும், கூட்டினால் 800. ஒருவர் குடும்பமாக எண்ணுவார், மற்றவர் ஆளாக எண்ணுவார். "திட்டமிட்டது" என்ற வரி அடுத்த மாதம் யாரும் தொடாமலே "முடிந்தது" ஆகிவிடும். எல்லாவற்றையும் விட மோசம் இடப்பெயர். நம்ம ஊரில் ஒரே தோட்டத்துக்குக் கம்பனிப் பதிவில் ஒரு பேர், தொழிலாளர் வாயில் ஒரு பேர், கிராம உத்தியோகத்தர் பிரிவில் இன்னொரு பேர் இருக்குமே, அதே கதைதான் அங்கேயும். அதனால்தான் பேரை எழுதாமல் குறியீட்டை எழுதச் சொல்கிறார்கள். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் இரண்டு பட்டியல் வைத்து ஒப்பிட்டுப் பழகியிருந்தால், உங்கள் விண்ணப்பத்தின் கனமான வரி அதுதான்.

எக்செலில் பிவட் அட்டவணை, கோபோ (களத்தில் போனிலேயே விபரம் சேகரிக்கிற செயலி) படிவம் இரண்டும் கைவசம் இருக்கட்டும். கோபோவில் இலவசக் கணக்கே பழகப் போதும்.

ஊவா_காத்து
மேலே சொன்னதோடு ஸ்பியர் அளவுகளையும் (நிவாரண உதவிக்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள்) சேர்த்துக்கொள்ளுங்கள், நேர்முகத்தில் கட்டாயம் கை கொடுக்கும். மனப்பாடம் செய்யாமல் ஒரு முகாமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 குடும்பம், 480 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு குறைந்தது 15 லீட்டர் தண்ணீர், மொத்தம் 7,200. 3,000 லீட்டர் பவுசர் மூன்று நடை வர வேண்டும். தோட்டத்து ரோட்டில் அது ஏறுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். 250 பேருக்கு ஒரு குழாய், ஆக இரண்டு. மலசலகூடம் ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, அதாவது 10. நிலைமை அடங்கியதும் 20 பேருக்கு ஒன்று, 24. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 18, 6.

இடம்தான் உதைக்கும். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரைக்குக் கீழே. இருபதடிக்கு இருபதடி வகுப்பறை 37 சதுர மீட்டர், பத்துப் பேர்தான். 480 பேருக்கு 48 வகுப்பறை. எந்தத் தோட்டப் பாடசாலையில் இருக்கிறது? "அளவு இது, எங்களிடம் இருந்தது இவ்வளவு, மிச்சத்துக்கு இன்னதைச் செய்தோம், இன்னாரிடம் கேட்டோம்" என்று சொல்வதுதான் ஒருங்கிணைப்பாளர் பேச்சு.

இன்னொன்று. பொதியோடு ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவது, பெயர்ப் பட்டியலைப் படமெடுத்து அனுப்புவது இங்கே சர்வசாதாரணம். அங்கே அது பாதுகாப்பு மீறல். உங்கள் முகநூலில் அப்படி ஏதும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கணக்கப்பிள்ளை
ஊவா சொன்னதில் ஒரு திருத்தம்: "செய்தோம்" இல்லை, "செய்தேன்" 🙂

டிஸ்பென்சரி
காகித வேலையைச் சொல்கிறேன், ஆள் தெரிவானபிறகும் மாட்டுகிற இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பட்டத்தில் வெறும் இனிஷியல் என்று இருப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். தளத்தில் பேரைக் கடவுச்சீட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். "குடும்பப் பெயர்" கட்டத்தில் அப்பா பேரா சொந்தப் பேரா என்று குழம்பினாலும் கடவுச்சீட்டு எதைச் சொல்கிறதோ அதுவே. வித்தியாசம் இருக்கிற சான்றிதழ்களுக்கு இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். கடவுச்சீட்டு அலுவலகம் கண்டியிலும் உண்டு, பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை. பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்தில் போடலாம்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுவார்கள். போட்டுப் பத்து நாளைக்குப் பிறகுதான் தடுப்பூசி அட்டை செல்லும், அதனால் டிக்கட் வந்தபிறகு ஓடாதீர்கள். மலேரியா மாத்திரை, மலேரியா எதிர்ப்பு இயக்கத்தில் இலவசம். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டதால் திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால் டொக்டர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார். எங்கே போய் வந்தீர்கள் என்று நீங்களாகச் சொல்ல வேண்டும்.

பூனாகலை_மழை
எல்லாருக்கும் நன்றி. ஏஜன்சிக்காரருக்கு "வேண்டாம்" சொல்லியாச்சு. தங்கச்சிதான் 🙂 ஆங்கிலம் ஓரளவு என்றால் போதுமா, பிரெஞ்சு கட்டாயமா?

மூனாவது_கொலம்
தென் சூடான் போன்ற இடத்துக்கு ஆங்கிலம் போதும், கொங்கோ, சாட் என்றால் பிரெஞ்சு. ஆனால் "ஓரளவு" போதாது, தங்கச்சி. கூட்டக் குறிப்பை அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். இணையவழித் தொண்டு என்று ஒன்று இருக்கிறது, வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே ஒரு ஆங்கில அறிக்கை வேலையை எடுத்து முடியுங்கள். அதோடு ஒரு சான்றாளரும் கிடைப்பார்.