நிட்டிங் கம்பெனியில் கேட்ட சீனமும் எங்கள் வகுப்புக் குப்பையும்

திருப்பூர், பிளஸ் ஒன் மாணவி:

குப்பையைப் பிரிப்பதிலோ புதிதாக ஒரு மொழி படிப்பதிலோ உங்களுக்கு நேர்ந்த அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தன.

என் மாமா அனுப்பர்பாளையம் பக்கம் பின்னல் துணி ஓட்டும் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். போன முழுப்பரீட்சை லீவில் அங்கே புது மெஷின் இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்கத் தைவானிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டே சிலிண்டர், ஊசி, நூல் டென்ஷன் எல்லாவற்றையும் மாமாவும் அவரும் பேசி முடித்தார்கள். டீ கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிடுவேன். அந்த டெக்னீஷியன் தன் வீட்டுக்குப் போன் போட்டுச் சீனத்தில் பேசும்போது குரல் ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவு பிடித்துப்போனது. "அம்மணி, நீ படிச்சு வெச்சீன்னா அடுத்த மெஷினுக்கு நீயே பேசலாம்" என்றார் மாமா. அன்று ராத்திரியே அம்மா போனில் சீனம் படிக்க ஆரம்பித்தேன்.

கிளம்புவதற்கு முன் அந்த டெக்னீஷியன் தன் ஊர் வீடியோ ஒன்றைக் காட்டினார். சாயங்காலம் பியானோ இசையோடு குப்பை லாரி வருகிறது. வீதி முழுக்க ஆட்கள் பையோடு இறங்கி வந்து அவரவர் கையாலேயே போடுகிறார்கள். பின்னாலேயே மறுசுழற்சிக்கான இன்னொரு லாரி. சமைத்த மிச்சத்துக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று என்று அதிலும் தனித்தனி வாளி. தைபே நகரத்தில் 2000 முதல் மற்ற குப்பையை நகராட்சி விற்கும் பையில்தான் போட வேண்டுமாம். குப்பை கூடினால் பைச் செலவும் கூடும். பிரித்துக் கொடுப்பதற்குக் காசு கிடையாது. நம்ம ஊர் வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. ஆனால் எங்கள் வீதியில் எல்லாம் ஒரே பையில் வாசலில் கிடக்கும்.

ஸ்கூல் திறந்ததும் வகுப்பில் மூன்று அட்டைப்பெட்டி வைத்தோம். எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தது பஸ் ஸ்டாப் பக்கத்துப் பழைய பேப்பர் கடை அண்ணாதான். நோட்டு அட்டையைக் கிழித்துத் தனியாக வைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளுக்கு நல்ல விலை. சாப்பாட்டு எண்ணெய் பட்ட பேப்பர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், அது பெட் (PET) என்கிற பிளாஸ்டிக். மூடி வேறு பிளாஸ்டிக். நறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். ஆலையிலும் அப்படித்தான் பிரிக்கிறார்கள் என்றார். வீட்டு வாளியில் செய்து பார்த்தேன், அப்படியே நடந்தது. பிஸ்கட் கவரை மட்டும் அவர் தொடவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டிக் கிடப்பதால் பிரிக்க முடியாதாம். எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் அதுதான் நிறைகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சீனத்தில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை. பொருளுக்குத் தகுந்தபடி எண்ணோடு ஒரு சொல் சேர்க்க வேண்டும். சட்டைக்கு 'ஜியென்', பேண்ட்டுக்கு 'தியாவ்'. ஆறு, மீன் போல நீளமாகக் கிடக்கிற பலவற்றுக்கும் அதே 'தியாவ்'தான்! பேக்கிங் செக்‌ஷனில் பீஸ் எண்ணுகிறபோது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எழுத்துதான் மலை. தைவானில் பழைய வடிவம் எழுதுகிறார்கள். சீனாவில் 1956 முதல் எளிதாக்கிய வடிவம். எதை எடுப்பது?

பல்லடம், ஓ.இ. மில் நடத்துபவர்:

எழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது கண்ணு, குப்பையைப் பற்றிச் சொல்கிறேன். உங்க மாமா மாதிரி ஆட்கள் ஓட்டுகிற துணியில் விழும் கட்டிங் வேஸ்ட்தான் எங்களுக்குச் சரக்கு. அதைக் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) முறையில் நூல் ஓட்டுகிறோம். இழை குட்டையாகிவிடும், அதனால் பாலியஸ்டர் கலப்போம். அந்தப் பாலியஸ்டரும் பல நேரம் நீங்கள் சொன்ன பெட் பாட்டிலிலிருந்து வந்ததுதான்.

குடோனில் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். நாலைந்து விதச் சிவப்பை வெறும் கண்ணால் தனித்தனியாக வைப்பார்கள். சிவப்பு வேஸ்ட்டில் சிவப்பு நூலே வந்துவிடும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் இது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, ஒரு குடம் சாயத் தண்ணீர் குறைந்தாலும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். லைக்ரா கலந்த துணி வந்து சேர்ந்தால்தான் தொல்லை. அது கிழியாமல் இழுபடும், மொத்த லாட்டும் கெடும். கட்டிங் டேபிளிலேயே தனியாகப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள் உங்க மாமாவை.

அவிநாசி, மெர்ச்சண்டைசர் (துணி ஆர்டர்களைக் கவனிப்பவர்):

2019 கடைசியில் வேலையாக ஷாங்காய் போயிருந்தேன். அந்த ஜூலை 1 முதல் அங்கே நான்கு வகையாகப் பிரிப்பது கட்டாயம்: மறுசுழற்சி, அபாயக் குப்பை, ஈரம், உலர். குப்பைத் தொட்டிப் பக்கத்தில் ஒரு பெரியம்மா அடையாளத் துணி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் டீ கப்பை அப்படியே போடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, மிச்ச டீயை ஊற்ற ஓர் இடம், கப்பைப் போட வேறு இடம் என்று காட்டினார். திட்டவில்லை, பொறுமையாகக் காட்டினார்.

பாஷை தெரியாமல் அங்கே என்னைக் காப்பாற்றியது விரல். ஒன்று முதல் பத்து வரை ஒரே கையால் காட்டுகிறார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு, கட்டை விரலும் ஆள்காட்டியும் நீட்டினால் எட்டு. எங்க அப்பாரு மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவது போலத்தான் இருந்தது. இதை முதலில் படியுங்கள் அம்மணி.

ஈரோடு, ஆசிரியை:

மாணவிக்கு இரண்டு விஷயம். நம்ம 'ழ' சரியாக வருகிற பிள்ளைக்கு சீனர்களுடைய ஒரு நாக்கு மடிப்பு ஒலி சீக்கிரம் வந்துவிடும். கஷ்டம் மூச்சில்தான். நமக்கு ஒரே 'ப' மாதிரி கேட்பது அவர்களுக்கு இரண்டு ஒலி. வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பார். ஒன்றுக்குத் தாள் ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக் கூடாது. எழுத்துக்கு, இப்போதைக்கு எளிய வடிவத்தையே எடு. பாடங்கள் அதில்தான் அதிகம் கிடைக்கும். மாமா மெஷினில் வருகிற சொற்களுக்கு மட்டும் பழைய வடிவத்தைப் பக்கத்தில் எழுதி வை.

உன் பேப்பர் கடை அண்ணா எண்ணெய்த் தாளை ஒதுக்கியது போலத்தான் 2018-இல் சீனா செய்தது. வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த 24 வகைக் கழிவுகளை இனி வேண்டாம் என்று நிறுத்தியது. பிரிக்காத பேப்பரும் வீட்டுப் பிளாஸ்டிக்கும் அதில் சேர்த்தி. அதுவரை அனுப்பிக்கொண்டிருந்த பணக்கார நாடுகளே திணறிப்போயின.

திருப்பூர் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. தாள் வைத்துச் சொல்லிப் பார்த்தேன் டீச்சர், இரண்டுக்குமே ஆடுகிறது. இன்னும் பழக வேண்டும். லைக்ரா விஷயத்தை மாமாவிடம் சொல்லிவிட்டேன், டேபிளுக்குக் கீழே தனிச் சாக்கு வைத்துவிட்டார். பல்லடம் அண்ணா, எங்கள் வகுப்பில் சிலர் உங்கள் மில்லைப் பார்க்க வரலாமுங்களா? அந்த நிறம் பிரிக்கிற அக்காக்களைப் பார்க்க ஆசை.

பல்லடம், ஓ.இ. மில் நடத்துபவர்:

தாராளமா வாங்க கண்ணு. டீச்சர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு ஒரு சனிக்கிழமை காலையில வாங்க, அப்போதான் குடோனில் எல்லோரும் இருப்பாங்க. பஞ்சுத் தூசி பறக்கும், எல்லோரும் மாஸ்க் எடுத்துட்டு வரணும்.