இல்லாத மாட்யூலோட பிழை வேற கோப்புல காட்டுது, எங்க தப்பு?

கேள்வி:
பைத்தானுக்கு ஒரு சின்ன டைப் செக்கர் (கோடை ஓட்டாமலே வகைப் பிழைகளைக் கண்டுபிடிக்கற கருவி) நானே எழுதிட்டிருக்கேன். மூணு கோப்பு வச்சு சோதிச்சேன். 'கடை' கோப்பு 'ரசீது', 'ஸ்டாக்' ரெண்டையும் இம்போர்ட் பண்ணுது. 'ரசீது' தன்னோட 7ஆம் வரியில 'தள்ளுபடி'ன்னு இல்லாத மாட்யூலைக் கேக்குது. ரசீது:7ன்னு வரணும். ஆனா வர்றது இது:

ஸ்டாக்:41: பிழை: 'தள்ளுபடி' மாட்யூல் கிடைக்கவில்லை

'ஸ்டாக்'ல ஒரு இம்போர்ட்கூடக் கிடையாது! நேத்து ராத்திரி முழுக்க இதோடதான் உக்காந்திருந்தேன். பார்சர் (கோடைப் படிச்சுப் பிரிக்கற பகுதி) குடுக்கற வரி எண்ணை பிரிண்ட் பண்ணிப் பாத்தா சரியா 7ன்னுதான் இருக்கு. அப்புறம் எங்க மாறுது?

மறுமொழி:
'ஸ்டாக்' மொத்தமே 41 வரிதானா? மாட்யூல்களை க்யூவுல போட்டு ஒண்ணொண்ணா எடுக்கறீங்களா?

கேட்டவர்:
ரெண்டுமே ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?

மறுமொழி:
கோப்போட கடைசி வரியில பிழை நிக்குதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படுவேன். 'இப்போ எந்தக் கோப்பு, எந்த வரி'ங்கறதை ஒரு குளோபல்ல (எல்லா இடமும் பகிர்ந்துக்கற மாறியில) வச்சிருப்பீங்க. 'ரசீது' படிக்கும்போது 'தள்ளுபடி' க்யூவோட வாலுக்குப் போகுது. முன்னாடி நிக்கற 'ஸ்டாக்'கைப் படிச்சு முடிச்சப்புறம்தான் அதோட முறை வரும். அதுக்குள்ள குளோபல் ஸ்டாக்:41க்குப் போயிடுச்சு. க்யூவுல பேரை மட்டும் போடாதீங்க, கேட்ட கோப்பையும் வரியையும் சேத்துப் போடுங்க. பைத்தானோட பிரபலமான டைப் செக்கர் மைபை (mypy). அதோட பில்ட்.பை (build.py) கோப்புல, மாட்யூல் கிடைக்காதப்போ ஓடற ஃபங்ஷனைப் படிச்சுப் பாருங்க. வரி எண்ணும், கேட்ட மாட்யூலோட நிலையும் ஆர்க்யுமென்ட்டாவே வருது. பிழையைச் சொல்லி முடிச்சதும் பழைய இம்போர்ட் சூழலைத் திருப்பி வச்சிடுது.

இன்னொருவர்:
ஒரே மாட்யூலை ரெண்டு தடவை தேடாம இருக்க, தேடின பேர்களோட செட் ஏதாவது வச்சிருக்கீங்களா? ரெண்டு கோப்பு அதே இல்லாத மாட்யூலைக் கேட்டா, ரெண்டாவது பிழையை அது முழுங்கிடும். கேஷ் (அடுத்த ஓட்டத்துக்காக முடிவுகளைச் சேமிச்சு வைக்கறது) போடறப்பவும் கவனம்: கிடைக்காத பேரையும் சேமிச்சு, ஒவ்வொரு ஓட்டத்துலயும் மறுபடி தேடணும். இல்லன்னா ரெண்டாவது தடவை பிழையே வராது. மைபை கேஷ்ல இதுக்குன்னே தனிப் பட்டியல் இருக்கு.

கேட்டவர்:
க்யூவை மாத்தினேன், ரசீது:7 வந்துடுச்சு! 'ஸ்டாக்'கோட 2ஆம் வரியிலயும் 'தள்ளுபடி'யைக் கேக்க வச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டாவது பிழையைக் காணோம். இப்போ கிடைக்காத ஒவ்வொரு பேருக்கும், அதைக் கேட்ட இடங்களையெல்லாம் டிக்‌ஷனரியில வச்சிருக்கேன். ரசீது:7, ஸ்டாக்:2 ரெண்டும் வருது. மூணு கோப்பையும் அப்படியே டெஸ்ட்டாச் சேத்துட்டேன். கேஷ் இன்னும் எழுதல, எழுதும்போது முதல் டெஸ்ட்டே ரெண்டு தடவை ஓட்டிப் பாக்கறதுதான். ரொம்ப நன்றிங்க.