கோல்ட் விங்கில் சிபி ரேடியோ: எந்தச் சேனலிலும் எஸ்டபிள்யூஆர் 3-க்குக் கீழே இறங்கவில்லை

ஹூஸ்டன்விங்

வணக்கம். வண்டி 2008 ஹோண்டா ஜிஎல்1800 கோல்ட் விங் பைக், கம்பெனி சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்களுக்கான குறுந்தூர ரேடியோ) கிட் இல்லாதது. ஐந்து வண்டிகளாக ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை பிடித்து மேற்கு டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போகத் திட்டம். அந்தப் பக்கம் மொபைல் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. வண்டிக்கு வண்டி பேசவும், 19-ம் சேனலில் லாரிக்காரர்கள் சொல்லும் சாலை நிலவரம் கேட்கவும் சிபி வேண்டும்.

இப்போது மாட்டியிருப்பது: முன்பக்கம் 4 பின் மைக் சாக்கெட் உள்ள சின்ன 40 சேனல் ரேடியோ (கோப்ரா ஒயரிங்), ஏஎம், எஃப்எம் இரண்டிலும் பேசலாம். 4 அடி ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா, பின் டிரங்கின் பக்கவாட்டில் எல் பிராக்கெட் போட்டு நிற்கிறது. 18 அடி ஆர்ஜி-58 ஆன்டெனா கேபிள், மிச்சத்தை வட்டமாகச் சுற்றி டிரங்குக்குள் கட்டியிருக்கிறேன். கரன்ட், ஆக்சசரி லைனிலிருந்து.

பிரச்சினை மூன்று. கராஜில் வைத்து அளந்தால் 1, 19, 40 எல்லாச் சேனலிலும் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் பவர் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3-க்கு மேல். இன்ஜின் ஓடும்போது இரைச்சல், ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. ஹெல்மெட் மைக்குக்காக ஹேண்டில்பாரில் இரண்டு ஒயர் பிடிடி (அமுக்கிப் பேசும்) பட்டன் வைத்தேன். பேசினால் போகிறது, ஆனால் ரேடியோவில் எதுவும் கேட்பதில்லை. ரேடியோ போய்விட்டதா?

27மெகா

ரேடியோ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆன்டெனா சரியாகும் வரை பிடிடியை அமுக்காதீர்கள். எஸ்டபிள்யூஆர் 3 என்றால் அனுப்பும் பவரில் 25 சதவீதம் திரும்பி வருகிறது. 2-ல் 11 சதவீதம், 1.5-ல் 4 சதவீதம். சட்டப்படி ஏஎம்மில் கிடைப்பதே 4 வாட். அதை ரேடியோவின் ஃபைனல் டிரான்சிஸ்டரை (பவரைப் பெருக்கி அனுப்பும் கடைசிப் பாகம்) சூடாக்கவா செலவழிப்பது?

மூன்று சேனலிலும் ஒரே மாதிரி 3-க்கு மேல் இருந்தால் ஆன்டெனாவின் நீளத்தைக் குறை சொல்ல முடியாது. ஒன்று மவுன்ட்டில் ஷார்ட், இல்லையென்றால் எர்த் இல்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். ஸ்டட்டுக்கும் (ஆன்டெனா திருகி நிற்கும் போல்ட்) பிராக்கெட்டுக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால், ஸ்டட்டைச் சுற்றி வரும் நைலான் வாஷர் தலைகீழாகப் போயிருக்கும். அதன் தோள் பகுதி பிராக்கெட் ஓட்டைக்குள் இறங்கி உட்கார வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் ஸ்டட் நழுவி விளிம்பில் இடிக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்து பிராக்கெட்டுக்கும் வண்டி ஃப்ரேமுக்கும் நடுவே அளவிடுங்கள். உங்கள் வண்டியில் இங்கேதான் கோளாறு என்பது என் கணிப்பு. கோல்ட் விங் டிரங்க் முழுக்க பிளாஸ்டிக். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர், கால் அலை 2.75 மீட்டர். 4 அடிக் குச்சிக்குள் கம்பியைச் சுற்றி அந்த நீளத்தை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு மறுபாதியாக வண்டியின் உலோகம் வேண்டும். அது கிடைக்காதபோது கேபிளின் வெளிப் பின்னலே ஆன்டெனாவாகிவிடும். சோதிக்க எளிய வழி: எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரைக் கேபிளைக் கையால் பிடிக்கச் சொல்லுங்கள். முள் ஆடினால் சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனைக்கு மட்டும் பிடிடியை அமுக்கலாம், இரண்டு வினாடிக்கு மேல் வேண்டாம்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு.

முதல் வழி எர்த் பட்டை. ஈயம் பூசிய தட்டையான செம்புப் பின்னல், 12 மி.மீ. அகலம், பிராக்கெட்டிலிருந்து பின் சப்ஃப்ரேமுக்கு எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். ஃப்ரேம் அலுமினியம், அதனால் அந்த இடத்தில் துருத்தடுப்பு கிரீஸ் தேவை. மெல்லிய ஒயரை ஒரு மீட்டர் இழுத்து மாட்டிவிட்டு "மல்டிமீட்டர் 0 ஓம் காட்டுகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒயரின் இண்டக்டன்ஸ் சுமார் 1 மைக்ரோஹென்ரி; 27 மெகாஹெர்ட்ஸில் அது 170 ஓம் தடை. மல்டிமீட்டருக்கு அது தெரியாது.

இரண்டாவது வழி நோ கிரவுண்ட் பிளேன் கிட். எர்த்தே தேவையில்லை, ஃபயர்ஸ்டிக் மாதிரி கம்பெனிகள் ஆன்டெனா, மவுன்ட், கேபிள் மூன்றையும் ஒன்றாகத் தருகின்றன. அந்தக் கேபிள் அளந்து செய்தது, அதுவும் ஆன்டெனாவின் ஒரு பாகம். ஒரு அங்குலம்கூட வெட்டக் கூடாது. அந்த ஆன்டெனாவுக்குச் சாதாரண ஆர்ஜி-58 போடுவதும், சாதாரண ஆன்டெனாவுக்கு அந்தக் கேபிளைப் போடுவதும் வேலைக்கு ஆகாது. அதிகம் புலம்பல் வருவது இந்தக் கலப்படக் கேஸ்களில்தான்.

கையில் இருக்கும் சாமானுக்கு முதல் வழியை முயலுங்கள். மிச்சக் கேபிளை வட்டச் சுருளாக வைக்காதீர்கள். ஒரு அடி நீளத்துக்கு எட்டு வடிவில் மடித்து நடுவில் தளர்வாகக் கட்டுங்கள்.

பிறகு கராஜை விட்டு வெளியே வாருங்கள். சுவர், கார், தகர ஷெட் எதுவும் ஏழெட்டு மீட்டருக்குள் இல்லாத இடமாகப் பாருங்கள். டிரங்கும் சேடில்பேக்கும் மூடியிருக்க வேண்டும், வண்டி நேராக நிற்க வேண்டும். ரேடியோவுக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டருக்கும் நடுவே ஒரு மீட்டர் நீளத்துக்குள் ஜம்பர் கேபிள். மீட்டரை எஃப்டபிள்யூடியில் (போகும் பவர்) வைத்து பிடிடி அமுக்கி முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஆர்இஎஃப்புக்கு (திரும்பும் பவர்) மாற்றிப் படியுங்கள். சேனல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே மாதிரி திரும்ப செட் செய்ய வேண்டும்.

நாலுபின்

கேட்காததற்குக் காரணம் உங்கள் பட்டன். கோப்ரா 4 பின்னில் 1 எர்த், 2 மைக் ஆடியோ, 3 டிரான்ஸ்மிட், 4 ரிசீவ். சும்மா இருக்கும்போது 4-ம் பின் 1-உடன் இணைந்திருந்தால்தான் ஸ்பீக்கருக்கு வழி கிடைக்கும். பேசும்போது அது விட்டுப்போய் 3-ம் பின் 1-உடன் சேர வேண்டும். உங்கள் இரண்டு ஒயர் பட்டன் 3-ஐ மட்டும் கவனிக்கிறது, 4 அந்தரத்தில் தொங்குகிறது.

மூன்று ஒயர் உள்ள எஸ்பிடிடி மொமென்டரி பட்டன் (அமுக்கும்போது மட்டும் முனை மாறும் வகை) வாங்குங்கள். பொது முனை பின் 1, சும்மா இருக்கும்போது தொட்டிருக்கும் முனை பின் 4, அமுக்கினால் தொடும் முனை பின் 3. ஹேண்டில்பாரில் இருக்கும் பட்டன்தான் வேண்டும் என்றால் அதை வைத்து ஒரு சின்ன ரிலேயை இயக்கி, அதன் மூன்று முனைகளை இப்படிக் கொடுக்கலாம். வேறு பிராண்ட் ரேடியோவில் பின் வரிசை மாறும், நான்கு பின் என்றாலே ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

ஹெல்மெட் மைக் எலக்ட்ரெட்டா டைனமிக்கா? பல ஹெல்மெட் செட்டுகளில் எலக்ட்ரெட் இருக்கும், அதற்குச் சில வோல்ட் பயாஸ் (மைக் இயங்க வேண்டிய சிறு டிசி) தேவை. டைனமிக் மைக்குக்காகச் செய்த ரேடியோ அதைத் தராது. 78எல்05 ரெகுலேட்டரில் 5 வோல்ட் எடுத்து 4.7 கிலோ ஓம் வழியாக மைக்குக்குக் கொடுங்கள். மைக்கிலிருந்து பின் 2-க்கு 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். அதைப் போடாவிட்டால் அந்த டிசி மைக் இன்புட்டுக்குள் போகும்.

இன்னொரு பொறி. ஹெட்செட்டில் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் ஒரே எர்த் ஒயர் இருந்தால், 4-ம் பின் செய்யும் மியூட் வேலையைத் தாண்டி ஸ்பீக்கர் நேராக எர்த்தைப் பிடித்துவிடும். பேச ஆரம்பித்தவுடன் ஊளைச் சத்தம் வரும். ஸ்பீக்கர் லைனில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பிரித்துவிடுங்கள். அதே லைனில் தொடராக 47 ஓம் ரெசிஸ்டர் இருப்பதும் நல்லது. வெளி ஸ்பீக்கருக்காக வாட் கணக்கில் வரும் ஆடியோவை ஹெல்மெட் ஸ்பீக்கர் தாங்காது, காதும் தாங்காது.

குரல் கேட்டுத் தானே ஆனாகும் வாக்ஸ் வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலைக் காற்றுக்கு அது திறந்தபடியே நிற்கும், ஐந்து வண்டியும் உங்கள் காற்றைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

பிளக்_காயில்

இரைச்சல் பற்றி. முதலில் அது எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், ஸ்குவெல்ச் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் குமிழ்) முழுக்கத் திறந்திருக்கட்டும், ஆன்டெனா கேபிளை ரேடியோவின் பின்னாலிருந்து கழற்றுங்கள் (இந்த நேரத்தில் பிடிடி கூடாது). இரைச்சல் நின்றால் ஆன்டெனா வழி. அப்படியே இருந்தால் பவர் ஒயர் வழி.

ஆக்சசரி லைனிலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்பதால் பவர் வழி என்றே நினைக்கிறேன். ஊளை மாதிரி இழுத்து, ஆர்பிஎம்முடன் சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். பிளஸ், மைனஸ் இரண்டையும் பேட்டரி முனையிலிருந்தே தனியாகக் கொண்டுவாருங்கள்: 16 கேஜ் ஒயர், இரண்டையும் முறுக்கி, பேட்டரிக்கு 15 செ.மீ.க்குள் 3 ஆம்பியர் ஃப்யூஸ். இந்த ரேடியோ பேசும்போதுகூட இழுப்பது ஒன்றரை, இரண்டு ஆம்பியர்தான். சாவி போட்டால் மட்டும் ஆனாக ஒரு ரிலே, அதன் காயிலுக்கு உங்கள் ஆக்சசரி லைனைக் கொடுங்கள்.

டிக் டிக் என்று வெட்டி வெட்டி வந்தால் இக்னிஷன். ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறதா பாருங்கள். என்ஜிகே பிளக்கில் நம்பருக்குள் ஆர் இருக்கும். சாவி போட்டதுமே, இன்ஜின் ஓடாமலே சீறல் வந்தால் யூஎஸ்பி சார்ஜர் அல்லது மலிவு எல்இடி லைட். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். குற்றவாளியின் ஒயரில் மிக்ஸ் 31 ஃபெரைட் வளையத்தை (ஒயர் வழி வரும் இரைச்சலைத் தடுப்பது) மாட்டி, ஒயரை அதற்குள் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். ஒருமுறை மட்டும் நுழைத்துவிட்டால் 27 மெகாஹெர்ட்ஸில் பெரிய பலன் இருக்காது.

உங்கள் ரேடியோவில் எஃப்எம் இருக்கிறதே. அமெரிக்காவில் சிபிக்கு 2021-லிருந்து எஃப்எம் அனுமதி உண்டு. ஐந்து வண்டியிலும் இருந்தால் உங்களுக்குள் ஒரு சேனலை எஃப்எம்மில் வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை தீரும். 19 மட்டும் ஏஎம்.

ஹூஸ்டன்விங்

எல்லோருக்கும் நன்றி. பட்டன் மாற்றியதும் கேட்கிறது. இரைச்சல் பவர் வழிதான்; பேட்டரியிலிருந்து தனி ஒயர் போட்டதும் போய்விட்டது. பிராக்கெட்டுக்கு எர்த்தே இல்லை, 27மெகா சொன்னபடி. 20 செ.மீ. பட்டை போட்டு மைதானத்தில் அளந்தேன்: சேனல் 1-ல் 1.5, 19-ல் 1.9, 40-ல் 2.5. இனி என்ன செய்வது?

27மெகா

40-ல் அதிகம், 1-ல் குறைவு: ஆன்டெனா நீளம் கூடுதல். (தலைகீழாக இருந்தால் குட்டை.) உச்சியில் ரப்பர் தொப்பிக்குள் டியூனிங் ஸ்க்ரூ இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி ஒரு சுற்று உள்ளே இறக்குங்கள், தொப்பியைத் திரும்ப மாட்டிய பிறகே அளங்கள். 1-லும் 40-லும் ஒரே அளவு வந்தால் நிறுத்துங்கள். 4 அடி ஆன்டெனாவுக்கு நடுவில் 1.3, இரு முனையிலும் 1.6, 1.7 வந்தால் அது நல்ல ரிசல்ட். 1.1-க்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம், மறுமுனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஸ்க்ரூ முழுக்க இறங்கியும் நீளமாகவே காட்டினால், அடியில் ஸ்பிரிங்கோ க்விக் டிஸ்கனெக்ட்டோ வைத்திருக்கிறீர்களா? அவையும் நீளத்தில் சேரும். ஆன்டெனாவின் கீழ்ப்பகுதி லக்கேஜ் ரேக் கம்பியை ஒட்டி நின்றாலும் டியூன் ஓடும். பிக் பெண்டுக்கு ரேக்கில் கட்டப்போகும் பையையும் கட்டி வைத்தே கடைசி அளவை எடுங்கள்.

மெஸ்கீட்

இன்னொரு கோணம். வண்டிக்கு வண்டி பேச மட்டும் என்றால் ஜிஎம்ஆர்எஸ் (சிபி மாதிரியே பொதுமக்களுக்கான இன்னொரு ரேடியோ சேவை) மேல். 462 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனா 16 செ.மீ.தான், பேச்சும் எஃப்எம்தான், இந்த எர்த் தலைவலியும் பெரிதாக இல்லை. எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) லைசென்ஸ் 35 டாலர், 10 வருடம், தேர்வு கிடையாது, குடும்பத்துக்கே செல்லும். ஆனால் லாரிக்காரர்கள் அங்கே இல்லை. 19-ஐக் கேட்கத்தான் சிபி.

சிபியில் வண்டிக்கு வண்டி சமதளத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை மறைத்தால் அதுவும் கிடையாது. சில பகல்களில் திடீரென்று ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள குரல்கள் பக்கத்து வண்டியை அமுக்கிவிடும். அது அயனமண்டலம் திருப்பி அனுப்பும் அலை, ரேடியோ கோளாறு இல்லை. வேறு சேனலுக்குப் போவது முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டிய விஷயம்: முதல் சேனல், மாற்று சேனல் இரண்டையும் ஐந்து டேங்கிலும் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். 9-ம் சேனல் அவசரத்துக்கானது, அதை அரட்டைக்கு எடுக்காதீர்கள்.

ஹூஸ்டன்விங்

ஒன்றேகால் சுற்று இறக்கினேன். 1-ல் 1.6, 19-ல் 1.3, 40-ல் 1.6. பையையும் கட்டித்தான் அளந்தேன்.

27மெகா

போதும், லாக் நட்டை இறுக்குங்கள். மவுன்ட்டுக்குக் கீழே வரும் பிஎல்-259 கனெக்டருக்குத் தண்ணீர் தடுப்பு கிடையாது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை, கேபிளிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி, பாதி மேல் பாதி ஏறும்படி இழுத்துச் சுற்றுங்கள். ஓட்டு வேய்ந்த மாதிரி தண்ணீர் வழிந்துவிடும். அதன் மேல் சாதாரண கருப்பு டேப். ஸ்டட் நட்டு அதிர்வில் தளரும், நைலான் லாக் நட்டாக மாற்றுங்கள். முதல் பெரிய மழைக்குப் பிறகு 19-ல் ஒருமுறை அளங்கள். 1.3 இருந்தது 2-ஐத் தாண்டினால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேப்பைப் பிரித்துப் பின்னல் பச்சையாக இருந்தால் நுனியை வெட்டி, புது பிஎல்-259 போடுங்கள்.