சி.டி.சி.யில் ஓ.எஸ்., கடிதத்தில் ஸ்டூவர்ட்: எங்கே திருத்துவது?

மும்பை ஆண்டாப் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். தம்பி 6 மாத ஜி.பி. ரேட்டிங் (கப்பலின் கடைநிலை மாலுமி) பயிற்சி முடித்து, 2024 ஆகஸ்டில் முந்த்ராவில் ஒரு பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஓ.எஸ். ஆக, அதாவது டெக்கில் ஆரம்பநிலை மாலுமியாக, ஏறினான். 9 மாதம் கழித்து இறங்கினான். சி.டி.சி.யில் (மாலுமியின் கடல் சேவையைப் பதியும் புத்தகம்) ஓ.எஸ். என்றுதான் இருக்கிறது. ஆனால் கேப்டன் கொடுத்த சர்வீஸ் கடிதத்தில் ஜெனரல் ஸ்டூவர்ட் (சமையலறை, பரிமாறும் வேலைக்காரர்) என்று போட்டிருக்கிறார்கள்.

மெஸ்மேன் உடம்பு சரியில்லாமல் இறங்கிவிட்டதால் கடைசி 2 மாதம் இவனைச் சமையலறையில் போட்டார்கள், உண்மைதான். அதற்கு முன் 7 மாதம் முழுக்க டெக்கில்: துரு சுரண்டினான், பெயிண்ட் அடித்தான், போசன் (டெக் ஆட்களின் மேஸ்திரி) சொன்ன இடத்தில் கயிறு இழுத்தான், ராத்திரி பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறை) லுக்அவுட் நின்றான், ஏ.பி. (ஓ.எஸ்.க்கு மேல்படி மாலுமி) பக்கத்தில் நின்று சுக்கான் பிடிக்கவும் பழகினான். அம்மாவுக்குக் கப்பலில் இருப்பவர் எல்லாருமே மாலுமிதான். வாட்ச்கீப்பிங் (பிரிட்ஜில் முறைக் காவல்) சான்றிதழ் வாங்கப் போனால்தான் வித்தியாசம் தெரிகிறது: மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய சர்வதேச எஸ்.டி.சி.டபிள்யூ. விதி கேட்பது பிரிட்ஜ் வாட்ச் சம்பந்தப்பட்ட கடல் சேவையை. பாத்திரம் கழுவிய நாள் அதில் சேராது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஏ.பி. ஆக முடியாது.

கம்பெனிக்கு 3 மெயில் போட்டாயிற்று, பதில் இல்லை. கேப்டனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் டிக் மட்டும் நீலமாகிறது. ஏஜெண்ட் 20,000 ரூபாய் கேட்கிறார், அது நடக்காது.

கையில் இருப்பவை: ஓ.எஸ். என்று எழுதிய ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அப்புறம் ஓய்வு நேரப் பதிவின் நகல்.

கம்பெனி திருத்தித் தராவிட்டால், இவற்றை வைத்து அந்த 7 மாதத்தை ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகத்தில் (மாலுமிகளின் பதிவுகளைப் பார்க்கும் அரசு அலுவலகம்) டெக் சேவையாக ஏற்பார்களா, இல்லை டி.ஜி. ஷிப்பிங்கில்தான் (கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம்) புகார் கொடுக்க வேண்டுமா?