கொங்குச் சமையல் எழுத்திலிருந்து தொழிலுக்கு: எதில் தொடங்குவது?

தடப்பள்ளிக்காரி (கோபிசெட்டிபாளையம்) கேட்கிறார்:

வணக்கம். கொங்கு நாட்டுச் சமையலைப் பற்றி 2016 முதல் வலைப்பதிவு எழுதி வருகிறேன். அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை (இடியாப்பம் போல அச்சில் பிழிவது), பச்சைப்புளி ரசம், ஒப்பிட்டு, கச்சாயம் என்று எங்கள் வீட்டு அடுப்படியில் நடப்பதையே எழுதுகிறேன். கொள்ளு வறுப்பதற்கு மட்டும் ஒரு முழுக் கட்டுரை உண்டு: கல் பொறுக்குவது, இரும்புச் சட்டியில் தீயை எவ்வளவு வைப்பது, எந்த வாசம் வரும்போது இறக்குவது என்று. இன்றுவரை அதிகம் பேர் படிப்பது அதைத்தான்.

2018இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழையும் ஏற்றுக்கொண்ட பிறகு விளம்பரம் போட்டேன். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அது சேர்வதற்குள் அரை வருடம் ஓடிவிடுகிறது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இப்போது என் எழுத்தை அடித்தளமாக வைத்து ஒரு தொழில் கட்ட விரும்புகிறேன். பொடி வகைகள் விற்கலாமா, சமையல் வகுப்பு நடத்தலாமா, சந்தகை பிழியும் அச்சு வாங்கி விற்கலாமா என்று பல யோசனைகள். இதற்கிடையில் ஒரு மசாலா நிறுவனம், மாதம் ஒரு கட்டுரையில் தங்கள் தூளைப் பாராட்டி எழுதினால் பணம் தருவதாகச் சொல்கிறது.

எதில் தொடங்குவது? நான் விற்கத் தொடங்கினால், இத்தனை நாள் வீட்டு மனுஷியாக நினைத்துப் படித்தவர்கள் விலகிவிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன் வாசகி (சிங்கப்பூர்):

அக்கா, நான் பிறந்தது தாராபுரம். உங்கள் எழுத்தைப் படித்துத்தான் என் மகனுக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுக்கிறேன். விலக மாட்டேன், நீங்கள் பொடி விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

அழகுசாதனத் துறையில் வேலை பார்ப்பதால் ஒரு செய்தி சொல்கிறேன். நியூயார்க்கில் எமிலி வைஸ் என்பவர் 2010இல் முகப்பூச்சு, கிரீம் பற்றி வலைப்பதிவு தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் க்ளாஸியர் நிறுவனத்தை ஆரம்பித்தார். முதலில் கொண்டுவந்தவை நான்கே பொருள்கள். முகம் கழுவும் திரவம் எப்படி இருக்க வேண்டும் என்று வாசகர்களையே கேட்டு, அந்தப் பதில்களை வைத்தே பிறகு அதைத் தயாரித்தார். நீங்களும் எங்களைக் கேளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ‘வாங்க இங்கே அழுத்தவும்’ என்று போட்டுவிடாதீர்கள்.

கவுந்தப்பாடி ஆலைக்காரர்:

அம்மணி, நான் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலை வைத்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறேன். உங்கள் கேள்விக்கு என் தொழில் நடந்த விதத்தையே பதிலாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச்சர்க்கரை 60 கிலோ மூட்டையாக ஏலத்துக்கு வரும். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் இங்கிருந்து கொள்முதல் நடக்கிறது. ஆனால் வெளிச்சந்தையில் எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தை. வெளுப்பாக இருந்தால் நல்ல விலை, கறுத்திருந்தால் குறைவு. வெல்லத் தொழிலில், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் புழங்குவதற்கு அந்த வெளுப்பு மோகம்தான் காரணம். நான் அதைத் தொடுவதில்லை. வெண்டைத்தண்டை இடித்துத் தண்ணீரில் பிசைந்தால் கொழகொழவென்று சாறு வரும். கொப்பரையில் கரும்புப்பால் சூடேறும்போது அதை ஊற்றினால், அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வரும். வழித்து வழித்து எடுக்க வேண்டும். சர்க்கரை கருஞ்சிவப்பாகத்தான் இறங்கும். வியாபாரி அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார்.

அந்த ஆதங்கத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். விற்பதற்காக எழுதவில்லை. சர்க்கரை ஏன் கறுக்கிறது, பாகு பதம் தப்பினால் என்ன ஆகும், கரும்புச்சக்கை ஈரமாக இருந்தால் அடுப்பு எப்படி மந்தமாகும் என்று காய்ச்சும் நாட்களில் கண்டதை எழுதினேன். படித்தவர்கள், ‘அந்தக் கறுப்புச் சர்க்கரை எங்களுக்குக் கிடைக்குமா?’ என்று கேட்டார்கள். வெளிச்சந்தையில் விலைபோகாத சரக்கைத் தேடி வாங்கும் ஆட்களை எழுத்து எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

உங்கள் கொள்ளுக் கட்டுரையும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. நன்றாக வறுபட்ட கொள்ளு எப்படி மணக்கும் என்று தெரிந்த ஒரு கூட்டத்தை நீங்கள் உண்டாக்கி வைத்திருக்கிறீர்கள். அரைகுறையாக வறுத்து அரைத்த பொடி இனி அவர்கள் நாக்குக்கு ஒத்துவராது. ஆகவே கொள்ளுப்பொடியில் தொடங்குங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பக்கமே போக வேண்டாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதை விற்காதவர் இல்லை. அங்கே நீங்கள் நூற்றோடு நூற்றொன்று.

அடுத்து என்ன விற்பது என்பதையும் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. இத்தனை வருடமாக வந்த பின்னூட்டங்களைத் திறந்து, ‘இது எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கு அப்படித்தான் விரிந்தது. சர்க்கரை வாங்கியவர்கள் பானகம் கலக்கும் அளவு கேட்டார்கள். சுக்கும் ஏலக்காயும் சேர்த்துப் பானகப்பொடி போட்டேன். எள்ளுருண்டை கேட்டார்கள். பக்கத்து ஊர் மகளிர் குழுவினர் பிடித்துத் தருகிறார்கள். இப்போது ஹைட்ரோஸ் போடாமல் காய்ச்சும் மற்ற ஆலைக்காரர்களிடமும் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்குகிறேன். அவர்களும் கறுப்புச் சர்க்கரைக்கு வருகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த மசாலா நிறுவனத்தின் பணத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். நீங்கள் கொள்ளு நல்லது என்றால் வாசகர் நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் உங்கள் கைமுதல். அதை மாத வாடகைக்கு விட்டால், நாளைக்கு உங்கள் சொந்தப் பொடியை நல்லது என்று சொல்லும்போது யார் நம்புவார்கள்?

இன்னொன்று. பொடி விற்கத் தொடங்கியதும் அதன் செய்முறையை வலைப்பதிவிலிருந்து எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். மிளகாய் எத்தனை, பூண்டு எத்தனை பல் என்று முழு அளவும் அப்படியே இருக்கட்டும். செய்யத் தெரிந்தும் நேரமில்லாதவர்கள்தான் வாங்குவார்கள். செய்து பார்க்க நினைப்பவர்கள் உங்கள் வாசகர்களாகவே இருப்பார்கள். விலைப்பட்டியலைத் தனிப் பக்கத்தில் வையுங்கள், சிங்கப்பூர் அம்மணி சொன்னது சரி.

வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் சம்மதத்தோடு இன்றிலிருந்தே சேருங்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும்.

பெருந்துறைச் சாலை கணக்கர்:

சகோதரி, ஈரோட்டில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. முதல் பாக்கெட் கைமாறும் முன் முடிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுச் சமையலறையில் அரைத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். அதில் கிடைக்கும் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, சைவப் பொருளுக்கான பச்சைக் குறி எல்லாம் வேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்டு வரும் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வாசகர்கள் பெங்களூரிலும் பாலக்காட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா? வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு செல்லாது, முதல் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும். முதலில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பார்த்துவிட்டு, பிறகு பதிவு எடுத்து எல்லை தாண்டுவது நல்லது.

பாராட்டுக் கட்டுரை விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

குடும்பச் செலவுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் ஓட வேண்டாம். லாபம் வருகிறதா என்பதே தெரியாமல் போய்விடும்.

தடப்பள்ளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஆலைக்கார அண்ணா, நேற்று இரவே பின்னூட்டங்களைப் படித்து நோட்டில் எழுதினேன். கொள்ளுப்பொடிதான் முதலில் நிற்கிறது. நான் எதிர்பார்க்காதது, அடுத்து நிற்பது சந்தகை அச்சு. வகுப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்த எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டேன். மசாலா நிறுவனத்துக்கு முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக் கொள்ளுப்பொடியில் பூண்டு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தாங்குமா? பூண்டில்லாமல் அரைப்பதா?

கவுந்தப்பாடி ஆலைக்காரர்:

மழைக்காலத்தில் என் சர்க்கரையே ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும், பொடியைக் கேட்கவா வேண்டும். பூண்டைத் தோலோடு தட்டி, ஈரப்பசை கொஞ்சமும் இல்லாமல் மொறுமொறுப்பாக வறுத்துச் சேருங்கள். வறுத்த சாமான் எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே வியர்க்கும். உள்பக்கம் அலுமினியத் தாள் உள்ள உறையாக, 100 கிராம் அளவில் போடுங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் கண்மதிப்பில் எழுதாமல், அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்து எழுதுங்கள். கோவையிலேயே இருக்கின்றன.

சிராங்கூன் வாசகி:

அக்கா, பூண்டில்லாத பொடி எனக்கு வேண்டாம். டிசம்பரில் தாராபுரம் வருகிறேன், கோபிக்கு வந்து நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன். நான்கு பாக்கெட் எடுத்து வையுங்கள்.